ஏழு அறையும் மூன்று ஒழுகலும்

ஒரு காட்டில், விலங்குகள் இன்னும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு முள்ளம்பன்றி இருந்தது. மற்ற விலங்குகள் தேவைக்குப் பேசின. இது தேவை முடிந்த பிறகும் பேசிக்கொண்டிருக்கும். பெயர் பூதலிங்கம். கல்யாணம் ஆனவர், வீடு வாசல் உள்ளவர் என்பதால் இனி 'அவர்' என்றே சொல்லுவோம்.

வீடு உள்ளவர் என்றதில் ஒரு சின்னத் திருத்தம். வீடு மாமனாருடையது. ஓடைக்கரையில், ஒரு பெரிய மருத மரத்தின் வேருக்குக் கீழே மாமனார் தன் நகத்தால் தோண்டிய வளை அது. நுழைந்தால் முன்னறை, அடுத்து படுக்கையறை, கடைசியில் கிழங்கு போட்டு வைக்க ஒரு மூலையறை. மொத்தம் மூன்றே அறை. மாமனார் பேச்சுக் குறைந்தவர். தோண்டுவார், மண்ணைத் தட்டிப் பார்ப்பார், மறுபடி தோண்டுவார். ஒரே மகள் செண்பகவல்லியைப் பூதலிங்கத்துக்குக் கொடுத்து, வீட்டையும் கொடுத்து, அந்த வருஷமே கண்ணை மூடிவிட்டார். ஒரு பிடி மண்கூட அள்ளாமல் பூதலிங்கம் வீட்டுக்காரர் ஆனார்.

வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. செய்துவிடுவார்களோ என்று அவருக்குத்தான் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அதனால் தண்ணீர்த் துறையில் யாராவது, "வீடெல்லாம் வசதிதானா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டால் போதும்.

"வசதிக்கென்ன அண்ணாச்சி. நாலு அறை கெடக்கு. நாலாவது நான் வந்த பொறவு தோண்டுனது."

நாலாவது அறை பொய். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் அவருக்கே கூச்சமாக இருக்கும். இனிமேல் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொள்வார். மறுபடி தண்ணீர்த் துறைக்குப் போனால் விருந்தாளிக்கென்று ஒரு தனி அறை சேர்ந்துவிடும். அப்புறம் வெயிலுக்குக் குளிர்ச்சியாகப் படுக்க ஒன்று, குட்டிகள் பிறந்தால் விளையாட ஒன்று. ஏழில் வந்து நின்றது. அதற்கு மேல் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போவது என்று அவருக்கே குழம்பிப்போனதால் நிறுத்திக்கொண்டார்.

யாரும் உள்ளே வந்து எண்ணிப் பார்க்கவில்லை. குறுகலான வளைக்குள் ஒரு முள்ளம்பன்றிக்குப் பின்னால் ஊர்ந்து போக யாருக்கு ஆசை வரும்? பக்கத்து வீட்டு உடும்பு மட்டும் ஒருமுறை, "உள்ள வந்து பாக்கட்டா தம்பி?" என்று கேட்டார்.

"பூச்சு வேல நடக்கு அண்ணாச்சி. காயட்டும்," என்றார் பூதலிங்கம். அந்தப் பூச்சு கடைசி வரை காயவில்லை.

அந்தக் காட்டில் ஒரு திட்டக் குழு இருந்தது. அதற்குத் தலைவி ராஜகனி என்கிற மிளா மான். பெரிய கொம்புகளை உடைய மிளாக்களின் நடுவே கொம்பில்லாமலே பதவிக்கு வந்தவள் என்பதால் அவளிடம் எல்லோருக்கும் பயம் கலந்த மரியாதை. ஓடை பெருகும்போதெல்லாம் கரையில் உள்ள வீடுகள் அடித்துக்கொண்டு போகின்றன என்று சொல்லி, குழு ஒரு விதி போட்டது. மருத மரத்து நிழல் விழுகிற தூரத்துக்குள் இனிமேல் யாரும் வீடு கட்டக் கூடாது. விதிக்கு முன்பே கட்டியவர்கள், பாவம், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் காற்றிலோ மழையிலோ அந்த வீடு பாதிக்கு மேல் போய்விட்டால் திரும்பக் கட்டக் கூடாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு மேட்டுப் பாறைக்குப் போய்விட வேண்டும். பாதிக்குக் குறைவாகப் போயிருந்தால், குழுவிடம் வந்து கேட்டு, விதிவிலக்கு வாங்கிக்கொண்டு பழுது பார்க்கலாம். அதற்கும் ஒரு நிபந்தனை. முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் கட்ட வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

முன்பு எப்படி இருந்தது என்று யார் சொல்வது? அந்தக் காட்டில் எதையும் எழுதி வைக்கிற வழக்கமில்லை. எழுதி வைத்தால் கரையான் தின்றுவிடும், கரையானோ குழுவில் உறுப்பினர். எனவே அண்டை அயல் வாய்தான் ஆதாரம். தன் வீட்டைப் பற்றி வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் என்ன சொல்லி வைத்தாரோ, அதுதான் அந்த வீட்டின் அளவு.

விதி போட்ட கூட்டத்தில் பூதலிங்கமும் இருந்தார். "அருமையான விதி," என்று முதல் ஆளாகக் கை தூக்கியது அவர்தான். பாறைக்குப் போகப்போவது வேறு யாரோ என்று அவருக்கு நினைப்பு. விதிக்குக் கை தூக்குகிற எல்லோருக்கும் அப்படித்தான் நினைப்பு.

ஐப்பசியில் புயல் அடித்தது. மருத மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து நேராக முன்னறையின் மேல் விழுந்தது. முன்னறை அப்பளமாக நொறுங்கியது. படுக்கையறையும் மூலையறையும் இம்மிகூட அசையவில்லை. ஆனால் முன்னறை போனதால் வீடு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சாரலும் உள்ளே வரலாம், நரியும் உள்ளே வரலாம். செண்பகவல்லிக்கு அப்போது நிறைமாசம். கார்த்திகை மழைக்குள் குட்டி பிறந்துவிடும்.

"மூணுல ஒண்ணுதான போயிருக்கு," என்றாள் அவள். "பாதிக்குக் கீழதான். குழுவுல சொல்லி ஆளக் கூட்டிட்டு வாங்க. முன்னறைய எடுத்துக் கட்டிட்டா நான் நிம்மதியாப் படுப்பேன்."

பூதலிங்கம் போய்ச் சொன்னார். குழுவின் சர்வேயர் ஆமை கிளம்பி வந்தார். சொந்த வீட்டை முதுகிலேயே வைத்திருப்பவர் ஆகையால் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் அவருக்கு அவசரம் என்பதே கிடையாது. அவர் ஓடைக்கரைக்கு வந்து சேர்வதற்குள் இன்னும் இரண்டு பாட்டம் மழை பெய்து ஓய்ந்துவிட்டது. கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார்.

"ரெண்டு அறை நிக்கி," என்றார். "மொத்தம் எத்தன இருந்துச்சு?"

பூதலிங்கம் பதில் சொல்வதற்குள் உடும்பு முந்திக்கொண்டார். உடும்பு நல்லவர். ஆபத்தில் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படியாவது உதவ வேண்டும் என்று காலையிலிருந்தே வாசலில் காத்துக்கிடந்தவர்.

"ஏழு அறை சர்வேயர் ஐயா! இந்தக் கரையிலயே பெரிய வீடு இவியளுக்குத்தான். விருந்தாளிக்குத் தனி அறை, வெயிலுக்குத் தனி அறை. எம்புட்டுப் பெரிய நட்டம் பாத்துக்கிடுங்க. நீங்கதான் மனசு வச்சு ஏதாவது செய்யணும்."

ஆமை மனசு வைத்துக் கணக்குப் பார்த்தார். "ஏழுல ரெண்டு நிக்கி. அஞ்சு போச்சு. பாதிக்கு மேல. பாறைக்குத்தான் போவணும் வேய். வேற எதும் சொல்லணும்னா குழு கூடுதப்ப வந்து சொல்லும்."

பூதலிங்கம் 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தார். எதிரே உடும்பு கண்ணில் நீர் மல்க நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து, 'ஏழில்லை அண்ணாச்சி, மூணுதான்' என்று சொல்வதைவிடப் பாறையில் படுத்து வெயில் காய்வது சுலபம் என்று தோன்றியது.

"என்ன செய்ய, எல்லாம் போச்சு," என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு ரொம்ப நன்றாக வந்ததாக அவருக்கே ஒரு திருப்தி.

உள்ளே செண்பகவல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏழு அறையா? எங்கன இருக்கு அது?"

"பேச்சுக்குச் சொன்னதுட்டி."

"பேச்சுக்குச் சொன்ன அறையில போயி நான் பிள்ள பெறட்டுமா?"

பூதலிங்கம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"பாறையில உங்க நகம் எறங்குமா? இந்த மழையில குட்டியத் தூக்கிக்கிட்டு நான் எங்கன போயி நிப்பேன்?" அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்குக் குழு கூடுதுல்லா, அங்க போயி மூணு அறைன்னு சொல்லுங்க. சிறுசுதான், ஆனா ஒழுகாது, எம்மாமனாரு தோண்டுனதுன்னு சொல்லுங்க. அம்புட்டுதான். வேற ஒண்ணும் பேசாதிய."

சிறுசுதான், ஆனா ஒழுகாது, எம்மாமனாரு தோண்டுனது. மறுநாள் குழு கூடுகிற நாவல் மரத்தடிக்குப் போகிற வழியெல்லாம் பூதலிங்கம் இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். இவ்வளவு சின்னப் பேச்சை அவர் வாழ்நாளில் பேசியதில்லை. அது வாயில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. செண்பகவல்லி வயிற்றைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள்.

நாவல் மரத்தடியில் காடே கூடியிருந்தது. புயலில் எல்லோருக்குமே ஏதோ ஒன்று போயிருந்தது. எல்லோர் முகத்திலும் அழுகைக் களை. ராஜகனி அம்மாள் பூதலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"ஏழு அறை இல்லம்மா," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "மூணுதான்."

கூட்டம் கப்சிப்பென்று ஆனது. உடும்பின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. பூதலிங்கத்துக்கு உடம்பெல்லாம் முள் குத்திட்டு நின்றது. அந்த மௌனம் தாங்காமல் இன்னொரு வாக்கியம் சொன்னார்.

"அதுலயும் ஒண்ணு கெழங்கு போடுத மூலை. உள்ள போயித் திரும்பணும்னா வெளிய வந்துதான் திரும்பணும்."

மரத்தின் மேலிருந்து ஒரு குரங்கு களுக்கென்று சிரித்தது. அதைப் பார்த்துக் கீழே நாலு பேர் சிரித்தார்கள்.

பூதலிங்கம் நிமிர்ந்தார். இத்தனை வருஷம் பெருமை பேசியபோது எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் சிரித்ததில்லை. இது அதைவிட ருசியாக இருந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று, வீடும் கிடைத்த மாதிரிதான். அவர் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு நல்லதாக ஒரு நீதி கிடைத்திருக்கும். நாமும் அதைச் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம்.

"வீடா அது?" என்றார் பூதலிங்கம். "மூணு எடத்துல ஒழுகும். மழை பெஞ்சா நாங்க குடும்பத்தோட வெளிய வந்துதான் ஒதுங்குவோம்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் செண்பகவல்லி போதும் போதும் என்று தலையை ஆட்டினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"கூரை எம்புட்டு ஒசரம்னு நெனைக்கிய? தும்முனா மண்ட இடிக்கும். வாசல் ஓடையப் பாத்துச் சரிஞ்சு கெடக்கும். தூக்கத்துல பெரண்டு படுத்தா நேரா குளிச்சிட்டு வந்திரலாம்."

காட்டெருமை ஒன்று தரையில் விழுந்து புரண்டது.

"நாத்தம்? ஐயோ, அதக் கேக்காதிய! ஒருக்கா நரி ஒண்ணு எங்களப் பிடிக்கணும்னு உள்ள வந்துச்சு. மூக்கப் பொத்திக்கிட்டு, 'இதுக்குள்ள எப்படிவே இருக்கீரு'ன்னு துக்கம் விசாரிச்சிட்டுப் போயிட்டு!" சிரிப்பு அடங்கவில்லை. அது அடங்குவதற்குள் இன்னொன்று சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு நாக்கு துடித்தது. "எல்லாம் எங்க மாமனாரு வேல. மனுசன் கண்ண மூடிக்கிட்டுத் தோண்டியிருக்காரு!"

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். செண்பகவல்லி மட்டும் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ராஜகனி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தக் குழுவுல தன்னப் பத்தி இம்புட்டு உண்மையா யாரும் பேசுனதில்ல," என்றாள். "ஒண்ணுதான் போயிருக்கு. விதிவிலக்கு குடுத்தாச்சு. முன்ன இருந்தபடியே கட்டிக்கிடும்."

ஆமை கழுத்தை ஒருமுறை உள்ளே இழுத்து வெளியே விட்டார். அவருக்கு நடைதான் மெதுவே தவிர, காதில் விழுந்த ஒரு வார்த்தையும் மறக்காது.

பூதலிங்கம் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "கெடச்சிட்டுட்டி! என்னா சிரிப்பு! ராஜகனியம்மாவே சிரிச்சிட்டா."

"எங்கப்பா தோண்டுன வீட்டுல என்னைக்கு ஒழுகுச்சு?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

அவர் கிளையை இழுத்துப் போட்டுவிட்டு மண்ணில் இறங்கினார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பூதலிங்கம் தோண்டினார். நகம் தேய்ந்தது, முதுகு பிடித்துக்கொண்டது, மண் கண்ணில் விழுந்தது. மாமனார் மாதிரியே தோண்டினார், தட்டிப் பார்த்தார், மறுபடி தோண்டினார். ஆச்சரியமாக, முன்னறை நன்றாகவே வந்துவிட்டது. செண்பகவல்லிகூட ஒருமுறை வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கிழங்கை அவர் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள். அன்றைக்கு யாரிடமும் எதுவும் பேச வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

ஆமை பார்வையிட வந்தார். நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. முன்னறையில் உட்கார்ந்து, கழுத்தை அண்ணாந்து, ரொம்ப நேரம் கூரையையே பார்த்தார்.

"ஒழுகலியே வேய்," என்றார்.

"ஒழுகாது ஐயா. நானே தட்டித் தட்டிக் கட்டுனேன்," என்றார் பூதலிங்கம். 'மூணுதான்' என்றதற்குப் பிறகு தன் வீட்டைப் பற்றி அவர் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

"மூணு எடத்துல ஒழுகணும். குழுவுல நீருதான் சொன்னீரு. முன்ன இருந்ததுக்கு மேல வசதி பண்ணுனா அது புது வீடு. கரையில புது வீடு கட்டக் கூடாது. இடிச்சிட்டுப் பாறைக்குப் போவணும்."

"ஐயா, அது சும்மா சிரிக்கிறதுக்குச் சொன்னது…"

"ஏழு அறை அழுகதுக்குச் சொன்னதா?" என்றார் ஆமை. "நாங்க எதத்தான் வேய் நம்பணும்?"

பூதலிங்கம் பாறையின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கூரையை நோண்டப் போனார்.

மூன்றில் ஒரு ஓட்டையை முன்னறையில் போட்டார். மற்ற இரண்டையும் உள்ளே போட வேண்டியிருந்தது. புயலே ஒன்றும் செய்யாத மாமனாரின் கூரையில். நகத்தை வைத்து நோண்டினார். சீக்கிரத்தில் இறங்கவில்லை. மண்ணுக்குள்ளே மருத வேரை ஒன்றோடொன்று கோத்து, இடுக்கில் களிமண்ணைத் திணித்து, ஈரம் புகாதபடி அழுத்தி வைத்திருந்தார் அந்தப் பேசாத மனிதர். எத்தனை வருஷம் இதற்கடியில் படுத்துத் தூங்கியிருக்கிறோம், ஒரு நாளாவது தலையைத் தூக்கிப் பார்த்தோமா என்று பூதலிங்கத்துக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓட்டை போட்டார்.

பிறகு தும்மினால் மண்டை இடிக்கிற அளவுக்குக் கூரையைத் தாழ்த்தினார். வாசலை ஓடைப் பக்கமாகச் சரித்தார். மறுபடி வந்து பார்த்த ஆமை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

"நாத்தம் பத்தல."

நாற்றத்துக்கு உடும்புதான் உதவினார். அவர் நல்லவர் என்று முன்பே சொன்னோம். ஓடையில் செத்து ஒதுங்கியதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து வாசலில் குவித்து, "போதுமா தம்பி, இன்னும் வேணுமா?" என்று கேட்டார்.

கார்த்திகையில் இரண்டு குட்டிகள் பிறந்தன. அன்றே மழை பிடித்துக்கொண்டது. மூன்று இடத்தில் ஒழுகியது. மழை பெய்தால் குடும்பத்தோடு வெளியே வந்து ஒதுங்க வேண்டும் என்பதும் முன்பிருந்த நிலையில் சேர்த்திதான் என்று ஆமை சொல்லிவிட்டதால், பூதலிங்கமும் செண்பகவல்லியும் ஆளுக்கொரு குட்டியை அணைத்துக்கொண்டு ஒரு சேம்பிலைக்கு அடியில் நின்றார்கள். குட்டிகளின் முள் இன்னும் பஞ்சாகத்தான் இருந்தது. நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஆமை கொஞ்சம் தள்ளித் தன் வீட்டுக்குள்ளேயே சௌகரியமாக உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருட்டி," என்றார் பூதலிங்கம்.

செண்பகவல்லி குட்டியின் முகத்தைத் துடைத்தாள். "இன்னொரு புயல் வராமயா போயிரும்? அப்ப நான் பேசுதேன். நீங்க வாயில ஒரு கெழங்க வச்சுக்கிட்டுப் பேசாம உக்காந்திருங்க."

"சரிட்டி."

"இனிமே வீட்டப் பத்தி யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசக் கூடாது."

"சத்தியமாப் பேச மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து உடும்பு மழையில் நனைந்துகொண்டே வந்தார். குட்டிகளைப் பார்த்துப் பதறிப்போனார். "அடப் பாவமே! உள்ள ரொம்பவா ஒழுகுது தம்பி?"

'கொஞ்சம்' என்று சொன்னால் போதும். பூதலிங்கத்துக்கும் அது தெரிந்துதான் இருந்தது. மனைவியைப் பார்த்தார், குட்டிகளைப் பார்த்தார், வாயை இறுக்கி மூடிக்கொண்டார். உடும்பு இன்னும் ஆவலோடு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம்தான் தாங்கும்?

"ஒழுகுதாவா? நம்ம வீட்டு ஒழுகல் மாதிரி இந்தக் கரையில எவன் வீட்டுலயாவது உண்டா அண்ணாச்சி? ஏழு எடம்!"

கொஞ்சம் தள்ளி, ஓட்டுக்குள்ளிருந்து ஒரு கழுத்து மெதுவாக வெளியே வந்தது.

"ஏழா?" என்றார் ஆமை. "மூணுன்னுல்லா ஞாபகம்."

செண்பகவல்லி அவசரமாகச் சுற்றிலும் கிழங்கைத் தேடினாள். அதற்குள் உடும்பு முன்னால் வந்துவிட்டார்.

"ஏழுதான் சர்வேயர் ஐயா. நான் சாட்சி."

நீதி: தற்பெருமை வீட்டைப் பறித்துக்கொள்ளும்; தன்னடக்கம் அதை ஓட்டை போட்டுத் திருப்பித் தரும். இரண்டுக்கும் நடுவில் உண்மை என்று ஒன்று உண்டு. அதைச் சொன்னால் யாரும் அழவும் மாட்டார்கள், சிரிக்கவும் மாட்டார்கள் என்பதால் சொல்வாரில்லை.